பெட்டிக்குப் போர்த்திய போர்வை

நாத்தனார் அந்த அறிக்கையை இஸ்திரி மேசைமேல் விரித்து, பக்கம் பறக்காமலிருக்க ஆறிப்போன இஸ்திரிப் பெட்டியை ஓரத்தில் வைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்துக்கொண்டிருந்தாள். நான் ஆஸ்பத்திரி பெட்ஷீட் ஒன்றின் முனையைக் குழாயில் மாட்டிப் பிழிந்துகொண்டிருந்தேன். நாற்பத்திரண்டாம் பக்கம் வந்ததும் நிறுத்தினாள். அதையே மறுபடி மனதுக்குள் வாசித்தாள். அப்புறம் சிரித்தாள்.

“அண்ணி, சேதி தெரியுமா? நம்ம மாடியில மலைக்காத்து வீசுதாம். நூறு வரைக்கும் தூசு இருக்கலாமாம், இங்க வெறும் முப்பத்தொண்ணுதானாம். இனிமே மூச்சு வாங்க வர்றவங்ககிட்ட டிக்கெட் போடலாம்.”

எங்கள் தெருவுக்குக் கிழக்கே இரண்டு காலி மனைகளையும் ஒரு மதிலையும் தாண்டினால் சிமெண்ட் அரைக்கிற ஆலை. இப்போது அங்கே ஒரு அரைவை யூனிட் ஓடுகிறது. பக்கத்திலேயே அதைவிடப் பெரிதாக இன்னொன்று கட்டப் போகிறார்கள். கட்டுவதற்கு முன்னால் காற்று, தண்ணீர், சத்தம் எல்லாவற்றையும் அளந்து அறிக்கை எழுத வேண்டுமாம், அதை வைத்துக்கொண்டு ஜனங்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டுமாம். அந்தக் கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை. நாத்தனார்தான் அலைந்து திரிந்து அறிக்கையின் சுருக்கத்தை நகராட்சி ஆபீஸிலிருந்து வாங்கி வந்திருந்தாள். அவளுக்கு இழுப்பு உண்டு. ஓடுகிற ஒரு யூனிட்டுக்கே வாரத்தில் இரண்டு நாள் இஸ்திரி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்காக நிற்பாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது, முதுகைத்தான் தடவிக் கொடுப்பேன். இரண்டாவதும் வந்தால் இந்தத் தெருவை விட்டே போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டார். லாண்டரியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டா போவது?

“எப்படி அளந்தாங்கன்னும் போட்டிருக்கு, கேளுங்க,” என்று அவள் தொடர்ந்தாள். பெட்டி வடிவக் கருவி காற்றை உள்ளே இழுக்கும். இழுத்த காற்று ஒரு வெள்ளைத் தாள் வழியாகப் போகும். தூசு தாளில் தங்கும். தாளை முதலிலும் கடைசியிலும் எடை போட்டு, கூடின எடையை வைத்துக் கணக்கு. வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு தடவையும் இருபத்துநாலு மணி நேரம், பன்னிரண்டு வாரம்.

நான் பிழிந்துகொண்டிருந்த பெட்ஷீட் கையிலிருந்து நழுவி ஈரத் தரையில் விழுந்தது. பெட்டியா இழுக்கிறது?

சொல்லிவிடுகிறேன். என் தொழிலில் பாதி வேலை துவைப்பது, மீதி வேலை துவைத்ததை மூடி வைப்பது. ஆலைக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி துவைத்துப் பிழைக்கிறவளுக்கு வேறு வழி கிடையாது. சாயங்காலம் நாலு மணிக்குக் காற்று திரும்பும், திரும்பினால் நேரே எங்கள் மாடிக்குத்தான். அதற்குள் கொடியில் இருக்கிறதை எல்லாம் உருவி உள்ளே போட்டு, தண்ணீர் டிரம், சோப்பு மூட்டை, மோட்டார் என்று ஒவ்வொன்றுக்கும் துணி போர்த்துவேன். வீட்டுக்குள் டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, ஃபேன் ரெக்கைக்குக்கூட உறை தைத்து வைத்திருக்கிறேன். நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் அண்ணி நம்மையும் மூடிவிடுவாள் என்று நாத்தனார் சொல்வது சும்மா இல்லை.

அப்படிப்பட்டவள் மாடியில்தான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். வைத்தவர் ஐம்பது வயது இருக்கும், ஒல்லி, கண்ணாடி போட்டவர், படியேறும் முன் செருப்பைக் கழற்றுகிறவர். நாங்கள் பெட்டிக்காரர் என்று கூப்பிட்டோம். பக்கத்திலேயே ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியில் மூன்று சின்னக் கிண்ணங்கள் சுற்றுகிற மாதிரி ஒன்றை மாட்டினார். ‘லட்சக்கணக்குல வெல உள்ள மெஷின்மா, பத்திரமா பாத்துக்கங்க’ என்றார். கிண்ணங்கள்தான் காற்றை அளக்கின்றன, கீழே ஓடுகிற பெட்டி அதற்கு மோட்டார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னாரே, பார்த்துக்கொண்டேன். பெட்டி ஓடுகிற நாட்களில் சரியாக நாலு மணிக்கு, ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட கெட்டிப் போர்வையை இரண்டாக மடித்து அதன்மேல் போர்த்தி, நாலு பக்கமும் செங்கல் வைத்துவிடுவேன். காலை ஏழு மணிக்குத் துணி காயப்போட மேலே போகும்போது எடுத்துவிடுவேன். அவர் ஒன்பது மணிக்கு வந்து தாளை எடுத்து, பளிச்சென்று இருக்கிறதே என்று வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, உறையில் போட்டு, தேதி எழுதுவார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுப்பேன்.

போர்வையை அன்றன்றைக்கே துவைத்தும் வைத்தேன். சிமெண்ட் கரைத்த மாதிரி தண்ணீர் வரும். வெளியில் கிடக்கிற போர்வைக்கே இவ்வளவா என்று ஆலைக்காரனைத் திட்டிக்கொண்டே அலசுவேன். அட மடச்சியே, பெட்டி இழுக்காமல் இத்தனை அழுக்கு இதற்குள் எப்படி வந்தது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? தூசை அளக்க வந்த பெட்டிக்குத் தூசு படாமல் காவல் காத்திருக்கிறேன்.

அன்றைக்கு நாத்தனாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரவு என் வீட்டுக்காரரிடம்தான் முதலில் சொன்னேன். பஸ் ஓட்டுகிறவர், எதற்கும் நிதானமாக பிரேக் போடுகிற ஆள். சோற்றில் கை வைத்தபடி முழுசும் கேட்டார்.

“பேசாம இரு. மூடினவளே நீதான்னு உன்னைப் புடிச்சு உள்ள தள்ளிடுவாங்க.” இரண்டு வாய் சாப்பிட்டார். “மூணு மாசமா அந்தக் கெட்டிப் போர்வையைக் காணோமேன்னு தேடிக்கிட்டிருந்தேனே, அதுவா இது?”

பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் மறுநாள் காலையிலேயே நாத்தனார் வேலையில் இறங்கிவிட்டாள். தெருவில் அவளுக்கு மைக் என்று பட்டப்பெயர். இஸ்திரித் துணி கொடுக்கப் போகிற வீடெல்லாம் ஒரே பேச்சு: தாளெல்லாம் போலி, பெட்டிக்காரர் காசு வாங்கிவிட்டார், வெள்ளிக்கிழமை மேடையிலேயே அவர் முகத்திரையைக் கிழிக்கிறேன். கேட்டவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். தாள் போலி இல்லை என்று இந்தத் தெருவிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த மனிதர் ஒவ்வொன்றையும் தேதி போட்டு, போட்டோ எடுத்து, உறைக்குள் வைத்திருக்கிறார். இவள் போலி என்று கத்தினால் ஆலைக்காரர்கள் இருபத்துநாலு வெள்ளைத் தாளையும் மேசையில் பரப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் நாங்கள் எந்த உண்மையைச் சொன்னாலும் எடுபடாது. முப்பத்தொன்று கல்வெட்டு மாதிரி நின்றுவிடும், அதன்மேல் இரண்டாவது யூனிட்டும் ஏறி நின்றுவிடும்.

மத்தியானம் மாடிக்குப் போய், சுவரில் அவர் எழுதி வைத்திருந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

“சார், லாண்டரி மாடியிலேர்ந்து பேசறேன்.”

“சொல்லுங்கம்மா. ஏதாவது விட்டுட்டு வந்துட்டனா?”

“பெட்டியை நான் மூடி வச்சிட்டேன் சார். ஓடின நாளெல்லாம். சாயங்காலம் நாலு மணியிலேர்ந்து காலையில ஏழு மணி வரைக்கும். போர்வை போட்டு.”

அந்தப் பக்கம் வண்டியை ஓரமாக நிறுத்துகிற சத்தம் கேட்டது.

“எதுக்கும்மா மூடினீங்க?”

“தூசு படக்கூடாதுன்னுதான் சார்.”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். “எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நான் வந்து பாத்ததா கையெழுத்துப் போட்டிருக்கேன்மா,” என்றார். “நாலு ஊர்ல நாலு பெட்டி. ஒரே ஆள். எப்படி வர்றது?” அப்புறம், “சொல்லப் போறீங்களா?”

“தெரியல சார்,” என்றேன். பொய். போனைக் கையில் எடுக்கும்போதே எனக்குத் தெரியும். அவரைப் பற்றி நினைக்கத்தான் கஷ்டமாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற மனிதர்.

அன்று சாயங்காலம் நாத்தனார் தலையணை உறைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு உறையாக மடித்து அடுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் நின்று புகை வந்த பிறகுதான் தூக்கினாள். பதினாறு வருடத்தில் அவள் கருக்கிய முதல் துணி அது. மிச்சமிருந்த உறைகளை முடித்தாள். என்னை நாலு திட்டுத் திட்டியிருந்தால் படுத்தவுடன் தூங்கியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை துணி காயப்போடும் இடத்துக்கு மூச்சு வாங்க ஏறி வந்தாள். கூட்டத்தில் பேசுவதற்குப் பெயர் கொடுத்து அவள் வாங்கி வைத்திருந்த டோக்கனை என் இடுப்பில் செருகினாள். பதினேழாம் நம்பர்.

“நான் பேசினா கத்துவேன். கத்தினா இருமல் வரும். இருமினா, பாவம்னு உட்கார வச்சிடுவாங்க. நீங்க பேசுங்க.”

“எனக்கு நாலு பேர் முன்னாடி நாக்கு ஒட்டிக்கும்னு உனக்குத் தெரியாதா?”

“மூணு மாசம் அந்தப் பெட்டியைத் தாலாட்டுப் பாடாத குறையா தூங்க வச்சீங்கல்ல, அதை நீங்கதான் சொல்லணும். எனக்கு இன்னும் கோவம் போகல அண்ணி. ஆனா நீங்க சொல்றதுதான் நிக்கும்.” இரண்டு படி இறங்கியவள் திரும்பினாள். “அந்தப் போர்வையையும் எடுத்துட்டு வாங்க.”

அதைத்தான் நான் எடுக்க வேண்டாம் என்று நினைத்திருந்தேன். இருபத்துநாலு துவைப்புக்குப் பிறகும் அதில் ஒரு கறை போகவில்லை. பெட்டி காற்றை இழுக்கிற கூரை விளிம்பு பட்ட இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் சதுரமாகத் தங்கிவிட்டது. பிளீச், வெந்நீர், வெயில் எதற்கும் மசியவில்லை. லாண்டரிக்காரி கறை போகாத துணியை ஊர் முன்னால் விரிப்பதைவிடக் கேவலம் வேறு இல்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

கூட்டம் பள்ளிக்கூட ஹாலில். மேசைக்குப் பின்னால் தலைமை அதிகாரி, நரைத்த கிராப்பு, மூடி கழற்றாத பேனாவை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு இடது பக்கம் ஆலையின் இன்ஜினியர், அந்த வரிசையின் கடைசி நாற்காலியில் பெட்டிக்காரர். மூலையில் ஒரு பெண் எல்லாவற்றையும் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். இன்ஜினியர் திரையில் பச்சையும் நீலமுமாகப் படம் காட்டினார். எங்கள் மாடியும் வந்தது, என் கொடித் துணிகளோடு. வேலை கிடைக்கும் என்று சிலர் பேசினார்கள், லாரி தொல்லை என்று சிலர் பேசினார்கள். எல்லாருக்கும் அதிகாரி ஒரே மாதிரி தலையாட்டினார். பதினேழு என்றதும் தெரு ஜனம் நாத்தனாரைப் பார்த்தது. நான் எழுந்தேன். கால் இரண்டும் யாருடையதோ மாதிரி இருந்தன. மைக்குக்கு முன்னால் போய் நின்றதும், சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதானே என்று தோன்றியது, அதைச் சொல்லிவிட்டால் போதும்.

“நாப்பத்திரண்டாம் பக்கத்துல எங்க மாடின்னு போட்டிருக்கிற முப்பத்தொண்ணு தப்பு சார். யாரும் பொய் எழுதல. பெட்டியை நான் போர்வை போட்டு மூடிட்டேன்.”

ஹால் சிரித்தது. முன்வரிசையில் ஒருத்தர் தொடையில் தட்டிச் சிரித்தார். எங்கள் தெருக்காரர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் என்னைப் பார்த்த பார்வைக்குச் சிரிப்பே தேவலை. எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, எத்தனை நாள், எதற்காக என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சிரிப்பு தானாக அடங்கியது.

இன்ஜினியர் மைக்கை இழுத்தார். “அப்போ கருவியைக் கெடுத்ததா இந்தம்மாவே ஒத்துக்கறாங்க. இதைப் பதிவு பண்ணிக்கங்க.”

“கெடுக்கல சார். பத்திரமா பாத்துக்கிட்டேன், அதான் தப்பாப் போச்சு,” என்றேன். பையைத் திறந்து போர்வையை எடுத்தேன். நாத்தனார் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தாள். நாங்கள் தினமும் பெட்ஷீட் மடிக்கப் பிடிக்கிற பிடிதான். சாம்பல் சதுரம் நடுவில் தெரிந்தது. “நான் துவைச்ச துணியில கறை நின்னு யாரும் பாத்ததில்ல. வெக்கமா இருக்கு. ஆனா உங்க தாள்ல இருக்க வேண்டியதுதான் சார் இது.”

அதிகாரி கடைசி நாற்காலியைப் பார்த்தார். பெட்டிக்காரர் தானாகவே எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார்.

“இருக்கலாம் சார்,” என்றார். “தாள் எல்லாம் ரொம்ப வெள்ளையா இருந்துச்சு. நான் நடுவுல வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். வரல.”

இன்ஜினியரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பெட்டிக்காரர் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

கூட்டம் முடியும்போது, பேசியதையெல்லாம் சுருக்கி எழுதி வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. மணி மூன்று தாண்டியிருந்தது, பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். டைப் அடித்த பெண் வேகமாக வாசித்துக்கொண்டே போனாள். ‘லாண்டரி நடத்தும் பெண்மணி ஒருவர் காற்றின் தரம் குறித்துத் தமது கவலையைத் தெரிவித்தார்’ என்று வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

இந்தத் தடவை என் கால்கள் என்னுடையவையாகத்தான் இருந்தன.

“நான் கவலையைச் சொல்லல சார். போர்வையைச் சொன்னேன்.”

“அது உள்ளடங்கிடுச்சும்மா. சாராம்சம்தான் எழுதுவோம்,” என்றார் அதிகாரி.

“கவலைன்னு எழுதினா கவலைப்படாதேன்னு பதில் போட்டு அனுப்பிடுவாங்க. போர்வைன்னு எழுதுங்க. சாயங்காலம் நாலு மணியிலேர்ந்து காலையில ஏழு மணி வரைக்கும்னு எழுதுங்க. இருபத்துநாலு நாள்னு எழுதுங்க. அவர் எழுந்து, ‘இருக்கலாம்’னு சொன்னதையும் எழுதுங்க. எழுதி இன்னொரு தடவை வாசிங்க, நான் கேட்டுட்டுத்தான் போவேன்.”

“எழுதுங்க,” என்றாள் நாத்தனார் வாசற்பக்கத்திலிருந்து. அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. கிளம்பிக்கொண்டிருந்த எங்கள் தெருக்காரர்கள் இரண்டு மூன்று பேர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். யாரும் கத்தவில்லை. உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். அதிகாரி எங்களையும் கடிகாரத்தையும் பார்த்தார். அன்றைக்கு முதல் முறையாகப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அனுமதி பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. எங்கள் மாடியில் மட்டும் இன்னொரு மாதம் அளக்க வேண்டும் என்றிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதிதாக இரண்டு பேர் வந்தார்கள், முறை வைத்துக் கூடவே இருக்கப் போகிறார்களாம். பழையவர் எங்கே என்று கேட்டேன். ‘அவரை வெளி வேலைக்கு அனுப்பறதில்லம்மா, ஆபீஸ்லயே உட்கார வச்சிட்டாங்க’ என்றார்கள். எனக்குச் சங்கடமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் மறுபடி அந்த வெள்ளிக்கிழமை வந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

முதல் நாள் ஒன்பது மணிக்குப் பெட்டி ஓடத் தொடங்கியது. மத்தியானம் வரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாலு மணிக்குக் காற்று திரும்பியது. முறைக்கு இருந்தவர் டீ குடிக்கக் கீழே இறங்கியிருந்தார். கொடியிலிருந்து எல்லாவற்றையும் உருவி உள்ளே போட்டேன். டிரம்மை மூடினேன், சோப்பு மூட்டையை மூடினேன், மோட்டாரை மூடினேன். மதிலுக்கு மேலே வெள்ளையாக எழும்பி வருவது கண்ணுக்கே தெரிந்தது. பெட்டியின் கூரைமேல் மாவு சலித்த மாதிரி படிய ஆரம்பித்தது. என் கை தன் பாட்டுக்குப் போர்வையை எடுத்துவிட்டிருந்தது.

“அண்ணி,” என்று படியிலிருந்து குரல் வந்தது.

நான் போர்வையை நாலாக மடித்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். நாத்தனார் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்து, என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி, மீதி இடத்தில் உட்கார்ந்தாள்.

“நீ எதுக்கு இந்தத் தூசுல உட்கார்ற? கீழ போ.”

“நான் போனா நீங்க மூடிடுவீங்க,” என்றாள்.

அவள் தலைமயிரில் வெள்ளை படிந்துகொண்டிருந்தது. தட்டிவிட வேண்டும்போல் இருந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் பெட்டி காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.